ஏழாம் எண் சட்டை

ஆண்கள் விடுதி, தருமபுரி
9.8.2025

தீர்த்தனுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. பிரச்சினையே அதுதான். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் போன் என் பெட்டியில் இருக்கிறது. மறந்துவிட்டுப் போகவில்லை, வேண்டுமென்றே விட்டுப் போயிருக்கிறாய். எடுத்துப் போயிருந்தாலும் உன் ஊரில் டவர் கிடையாது. பாறை மேல் ஏறி நின்றால் ஒரு கோடு வரும், பேச வாயைத் திறந்தால் அதுவும் போய்விடும். அதனால் கடிதம். நாளை அரூரில் வீட்டுக்குப் போகும்போது சித்தேரி பஸ் கண்டக்டர் மாரியப்பன் அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

கல்லூரி மருத்துவ முகாமில் டீம் மொத்தத்துக்கும் ஈசிஜி எடுத்தார்கள். மறுநாள் பிடி சார் ஆரோக்கியராஜ் கோர்ட்டில் வைத்து எல்லோர் முன்னாலும் வாசித்தார். "ஏழு, தீர்த்தன். உனக்கு ஈசிஜி சரியில்லடா. இந்தத் தாளை இதய டாக்டர்கிட்ட காட்டி, ஆடலாம்னு எழுதி வாங்கிக்கிட்டு வா. அதுவரைக்கும் கோர்ட்ல கால் வைக்கக் கூடாது." சாயங்காலம் பார்த்தால் உன் கட்டில் காலி.

என்ன நினைத்து ஓடினாய் என்று எனக்குத் தெரியும். உன் அப்பா சாமைக் காட்டில் குனிந்தவர் நிமிரவே இல்லை. நீ பக்கத்தில் நின்றாய். அவர் என் அம்மாவுக்கு அண்ணன், எனக்கும் மாமாதான், நானும் மறக்கவில்லை. ஆனால் மாமாவை ஒருநாள்கூட யாரும் டாக்டரிடம் காட்டியதில்லை. உனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. அதுதான் வித்தியாசம். இதைப் புரிந்துகொள்ள என்னைப்போல் மின்னியல் படிக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. சேலம் போ. காட்டு. எழுதி வாங்கு. அடுத்த மாதக் கடைசியில் மண்டலப் போட்டி. ஆறடிக்கு மேல் வளர்ந்தவன் நீ ஒருத்தன்தான். ரிங்குக்குக் கீழே நிற்க எங்களில் ஆள் இல்லை.

உன் ஏழாம் எண் சட்டையும் என்னிடம்தான் இருக்கிறது. ஃப்ரீ த்ரோ பந்தயத்தில் தோற்றுக் கழற்றிக் கொடுத்தவன், திருப்பி வாங்காமலே ஓடிவிட்டாய். யாருக்கும் தரமாட்டேன்.

ரஞ்சித்குமார்
கேப்டன். மச்சான் என்பதெல்லாம் அதற்கப்புறம்.

*

சித்தேரி மலை
23.8.2025

அன்புள்ள மச்சானுக்கு தீர்த்தன் எழுதுவது. இங்கே அம்மா, தங்கச்சி செல்லி, நான், ஆடு ஏழு, குட்டி மூன்று, எல்லோரும் சௌக்கியம். அங்கே அத்தை, மாமா, டீம் பையன்கள், பிடி சார் எல்லோருடைய சௌக்கியத்துக்கும் எழுதவும்.

இங்கே நல்ல மழை. சாமைக்குக் களை எடுத்துக்கொண்டிருக்கிறோம். காட்டுப்பன்றித் தொல்லை அதிகம். நானும் பக்கத்துக் காட்டுத் திருமால் அண்ணனும் தகரம் கட்டித் தட்டுகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏறி இறங்க முடியவில்லை. அதனால் நான் இங்கே இருப்பது உதவியாக இருக்கிறது.

எனக்குப் பதிலாக முதல் வருஷத்து சத்யராஜைத்தானே நிறுத்துவீர்கள்? அவன் பந்து வாங்கியதும் வலது பக்கமே திரும்புவான், பார்க்கிறவனுக்கெல்லாம் தெரிந்துவிடும். இடது காலை ஊன்றித் திரும்பச் சொல். ரீபவுண்டுக்குக் குதிக்கும் முன் எதிராளியை முதுகால் தள்ளிப் பிடிக்கச் சொல். அவன் பந்தைப் பார்க்கிறான், ஆளைப் பார்ப்பதில்லை. திட்டாதே. திட்டினால் பந்தை நழுவவிடுவான்.

என்னிடம் பழைய பந்து ஒன்று பரண்மேல் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். காற்று இறங்கியிருக்கிறது. ஊரில் பம்ப் இல்லை.

மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை.

அன்புடன்,
தீர்த்தன்

*

ஆண்கள் விடுதி, தருமபுரி
6.9.2025

தீர்த்தனுக்கு,

பன்றி, ஆடு, சத்யராஜின் இடது கால். எல்லாம் வந்தது. சேலம் என்ற சொல்லைத் தேடினேன். வரவில்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து வந்த டீமோடு பயிற்சி ஆட்டம். தோற்றோம். கேவலமாகத் தோற்றோம். சத்யராஜை ரிங்குக்குக் கீழே நிறுத்தினால் ஈபி கம்பம் மாதிரி நிற்கிறான். கம்பத்திலாவது கரண்ட் ஓடும். நீ சொன்னதைச் சொல்லிக் கொடுத்தேன், திட்டாமல்தான். சரி, கொஞ்சம் திட்டினேன். கடைசியில் இரண்டு ரீபவுண்ட் எடுத்தான்.

நீ இல்லாததால் உன் ஓட்டத்தையும் நானே ஓட வேண்டியிருக்கிறது. மூன்றாவது குவார்ட்டரில் நெஞ்சு சம்பந்தமில்லாமல் படபடவென்று அடித்துக் கண் இருட்டியது. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, அதுதான். "கேப்டனே மயக்கம் போட்டு உழுந்தா டீமு வெளங்கும்டா" என்று பிடி சார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். உன்னால்தான் அந்தப் பேச்சும்.

ஒரு மீட்டர் தவறு காட்டினால் யாரும் வீட்டை விட்டு ஓடமாட்டார்கள். இன்னொரு மீட்டரை வைத்துப் பார்ப்பார்கள். தவறு உண்மை என்றால் சரிசெய்வார்கள், மீட்டர்தான் தவறு என்றால் தூக்கிப் போடுவார்கள். இரண்டில் எதுவானாலும் வேலை முடிந்தது. பார்க்காமல் இருப்பது மட்டும்தான் முடியாத வேலை. நீ அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாய்.

போய்க் காட்டு.

ரஞ்சித்குமார்

*

அரூர்
5.10.2025

தீர்த்தனுக்கு,

ஒரு மாதம் ஆகப் போகிறது, பதில் இல்லை. லெட்டரைத் தொலைத்துவிட்டாரா என்று மாரியப்பன் அண்ணனிடம் சண்டைக்கே போனேன். "நான் ஏன் தம்பி தொலைக்கிறன்? கையிலயே குடுத்தன். வாங்கி மடிச்சி சட்டைப் பையில வச்சிக்கிட்டான். பிரிச்சிகூடப் பாக்கல. பஸ்ஸு திரும்பற வரைக்கும் அங்கயேதான் நின்னுகிட்டிருந்தான்" என்றார்.

மண்டலப் போட்டி தொடங்கிவிட்டது. முதல் ஆட்டம் ஜெயித்தோம். எப்படி என்று சொல்லமாட்டேன். வந்து பார்த்திருக்க வேண்டும்.

அட்டென்டன்ஸ் போய்க்கொண்டிருக்கிறது. உன் துறைத்தலைவரைப் பார்த்துக் கேட்டேன். இந்த செமஸ்டர் போனது போனதுதான், மெடிக்கல் லீவு எழுதிக் கொடுத்தால் டிசம்பரில் சேர்ந்துகொள்ளலாம், விட்ட பரீட்சையைப் பிறகு எழுதலாம் என்றார். அதற்கும் டாக்டர் எழுதித் தர வேண்டும். எல்லா வழியும் சேலத்துக்குத்தான் போகிறது.

எங்கள் வீட்டில் இதுவரை சொல்லவில்லை. தீபாவளிக்குள் நீ போகாவிட்டால் என் அம்மாவிடம் சொல்வேன். அம்மா அழுதுகொண்டே அடுத்த பஸ்ஸில் மலை ஏறிவிடும். எது வேண்டும், நீயே முடிவு செய்.

ர.கு.

*

சித்தேரி
13.10.2025

மதிப்பிற்குரிய ரஞ்சித் மாமாவுக்கு, உங்கள் மாமன் மகள் செல்லி எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே நல்லபடியாக இருக்கிறோம். அத்தையும் மாமாவும் நீங்களும் நல்லபடியாக இருக்கக் குலசாமி துணை செய்யட்டும். பார்த்தீங்களா, கடிதம் என்றால் இப்படித்தான் ஆரம்பிக்கணும்.

இந்தத் தடவை மாரியப்பன் அண்ணன் கடிதத்தை என் கையில் கொடுத்தார். அம்மா எதிரிலேயே இருந்துச்சு. "உங்கண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டங்கறான், நீ படி, என்னதான் எழுதறான் அரூரான்"னு கேட்டுச்சு. நானும் சத்தமாகத்தான் ஆரம்பித்தேன். அப்புறம்தான் டாக்டர், சேலம் என்று வருகிறது. நிறுத்தினால் அம்மா சந்தேகப்படும். அதனால் நானே கட்டிப் படித்தேன். "அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது, செல்லி நன்றாக இருக்கிறாளா, மழை உண்டா" என்று நீங்கள் கேட்டதாகப் படித்தேன். அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். "பாரு, எம்மாம் பாசம் அந்தப் பையனுக்கு"னு சொல்லுது. மாமா, உங்க கடிதத்தில் ஒரு விசாரிப்புக்கூட இல்லை. ஒரு வரி எழுதினால் கை தேய்ந்தா போகும்?

இப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்குகிறது. அண்ணன் வந்ததிலிருந்து கட்டுத் தூக்குவதில்லை, மேட்டில் ஏறுவதில்லை. புளியமரத்து நிழலில் நெஞ்சு மேல் கையை வைத்துக்கொண்டு படுத்துக் கிடக்கும். அம்மா பார்த்துவிட்டு, "காலேஜி போயி ஒடம்பு மெத்துனு ஆயிடுச்சா? பொட்டப்புள்ள கட்டுத் தூக்கறா, இவரு படுத்துக்கிறாரு"னு திட்டும். அண்ணன் புரண்டு படுத்துக்கொள்ளும். சோம்பேறி என்ற பெயரை வாங்கி வைத்துக்கொண்டு அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது.

கேட்டேன். "அப்பாவுக்கு வந்ததுதான் எனக்கும். போனா அதைச் சொல்லிடுவாங்க செல்லி. சொல்லிட்டாங்கன்னா அப்புறம் அம்மா மூஞ்சிய எப்படிப் பாக்கறது"ன்னுச்சு. எனக்குக் கோபம்தான் வந்துச்சு. "சொல்லாட்டி மட்டும் இல்லாமப் போயிடுமா?"ன்னு கேட்டேன்.

வருகிற திங்கட்கிழமை தீபாவளி. அது முடிந்த அடுத்த வாரம் நானே சேலத்துக்குக் கூட்டிப் போகிறேன். அம்மாவிடம் எனக்குப் பல் வலி என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
செல்லி

*

சித்தேரி மலை
1.11.2025

என் அன்பு மச்சானுக்கு,

சௌக்கியம்! நான் சௌக்கியம்! இதைத் தாளில் எழுதி வாங்கியிருக்கிறேன்.

சேலத்தில் டாக்டர் வெண்மதி என்று ஒரு அம்மா. முகாமில் கொடுத்த ஈசிஜியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படுக்க வைத்துப் புதிதாக ஒன்று எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். செல்லி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இது உன்னுது இல்ல" என்றார்.

"எதுங்க?"

"நீ கொண்டாந்த தாள். இது வேற யாரோ ஒருத்தரோட இதயம். உன்னுது சுத்தம்."

நம்பாமல், "எங்கப்பாவுக்கும் இருந்துச்சுங்க" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் எக்கோவும் எடுத்தார். திரையைத் திருப்பிக் காட்டினார். மச்சான், என் இதயத்தை நானே பார்த்தேன். தவளை மாதிரி துடிக்கிறது. "எவ்ளோ ஒசரம் வேணும்னாலும் எகிறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதியதென்னவோ இங்கிலீஷில்தான், அர்த்தம் அது.

பஸ் ஸ்டாண்டில் தட்டுவடை செட் தின்றோம். செல்லி அழுதாள். கேட்டால் காரம் என்றாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா கையிலிருந்த முறத்தாலேயே நாலு போட்டது, "இத்தினி நாளு சோம்பேறின்னு திட்ட வச்சியேடா பாவி" என்று. அப்புறம் கோழி அடித்தது. மறுநாள் முதுகில் சாமைக்கட்டு வைத்து மேட்டில் ஏறினேன். இறங்கி இன்னொன்று எடுத்து ஏறினேன். சும்மாவே ஏறி இறங்கினேன் என்று வைத்துக்கொள்.

நீ சொன்னதுதான், இன்னொரு மீட்டர் வைத்துப் பார்த்தால் வேலை முடிந்தது. உனக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

அறுப்பு முடித்து டிசம்பரில் வந்து சேர்கிறேன். அந்தத் தாள் யாருடையதோ, பாவம். அவனுக்குத் தெரியாமலே இருப்பான். பிடி சாரிடம் சொல்லி முகாம் நடத்தியவர்களைக் கேட்கச் சொல். டாக்டர் அம்மாவும் அதைத்தான் சொன்னார், "ஆளைக் கண்டுபிடிச்சிக் கூட்டிக்கிட்டு வாங்க, வுட்டுடாதீங்க" என்று.

அன்புடன்,
தீர்த்தன்

*

ஆண்கள் விடுதி, தருமபுரி
22.11.2025

அன்புள்ள தீர்த்தனுக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. சந்தோஷம். டீமில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். சத்யராஜ் பெஞ்சு மேல் ஏறி ஆடினான், அவன் கால் அசைந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மண்டல இறுதி ஆட்டத்தில் ஜெயித்தோம். ஜனவரியில் சேலத்தில் மண்டலங்களுக்கு இடையிலான போட்டி. அதற்கு நீ வந்துவிடுவாய். இறுதி ஆட்டத்தில் நான் இறங்கவில்லை, கணுக்கால் பிசகிவிட்டது. வெளியே உட்கார்ந்து பார்ப்பதிலும் ஒரு லாபம் இருக்கிறது, யார் எங்கே தவறு செய்கிறார்கள் என்று நன்றாகத் தெரிகிறது. சத்யராஜ் இடது பக்கம் திரும்பிப் போட்ட கூடைகளால்தான் பிழைத்தோம். நீ பார்த்திருக்க வேண்டும்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது? மழை உண்டா? சாமை எவ்வளவு கண்டது?

முகாம் விஷயம், பிடி சாரிடம் சொல்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

நான் நலம்.

ரஞ்சித்குமார்

*

சித்தேரி மலை
1.12.2025

மச்சானுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை.

உன் கடிதத்தில் "நலம்" இரண்டு தடவை வருகிறது. இதற்கு முன் நீ ஒருமுறைகூட எழுதியதில்லை. அம்மாவின் முழங்காலை விசாரித்திருக்கிறாய். செல்லி படித்துவிட்டு, "அண்ணா, இது நான் கட்டிப் படிச்ச மாதிரியே இருக்கு, மாமா எழுதுன மாதிரி இல்ல" என்றாள். கணுக்கால் என்கிறாய், எந்தக் கால் என்று எழுதவில்லை. எழுத்து எழுத்தாகக் கணக்குச் சொல்கிறவன் நீ.

அதற்கப்புறம் சாமைக்கட்டைத் தட்டும்போது செல்லி கேட்டாள். "அந்த முகாம்ல ஒம்பேரக்கூடவா கேக்கல?" யோசித்தேன். கேட்கவில்லை, மச்சான். பிராக்டீஸிலிருந்து அப்படியே போனோம். ஈசிஜி எடுத்த ஆள் சட்டையைத் தூக்கச் சொல்லும் முன் முதுகைப் பார்த்தான். எண்ணைத்தான் எழுதினான். பிடி சார் எண்ணை வைத்துப் பேரைச் சேர்த்திருக்கிறார்.

முந்தின நாள் சாயங்காலம் ஃப்ரீ த்ரோவில் நான் தோற்றேன். தோற்றவன் ஒருநாள் தன் எண்ணைக் கழற்றிக் கொடுத்து ஜெயித்தவன் எண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது நாம் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் போட்ட சட்டம். முகாம் அன்றைக்கு என் மேல் இருந்தது உன் பதினொன்று. ஏழு யார் மேல் இருந்தது?

நீ இதை என் போன கடிதத்தைப் படித்தபோதே கண்டுபிடித்துவிட்டாய். எனக்குத் தெரியும்.

செப்டம்பரில் படபடவென்று அடித்தது, கண் இருட்டியது என்று நீயே எழுதியிருக்கிறாய். பசி என்று எழுதியிருக்கிறாய்.

ஒரு மீட்டர் தவறு காட்டினால் யாரும் வீட்டை விட்டு ஓடமாட்டார்கள் என்று எனக்கு ஒருத்தன் எழுதினான். விடுதியிலேயே உட்கார்ந்துகொண்டும் ஓடலாம் போலிருக்கிறது.

பதில் எழுது. இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நான் வருகிறேன். எழுதினாலும் வருகிறேன்.

தீர்த்தன்

*

ஆண்கள் விடுதி, தருமபுரி
3.12.2025

தீர்த்தா,

கேன்டீனில் வைத்துத்தான் உன் நவம்பர் கடிதத்தைப் பிரித்தேன். "இது உன்னுது இல்ல" என்ற இடத்தில் சந்தோஷத்தில் மேசையைத் தட்டினேன், எதிரே இருந்தவன் டீ கொட்டியது. துடைக்கத் துணி தேடினேன். உன் சட்டை என் கொடியில் தொங்குவது ஞாபகம் வந்தது.

அப்புறமும் இரண்டு தடவை அப்படி அடித்தது. ஒருமுறை படிக்கட்டில், ஒருமுறை சும்மா உட்கார்ந்திருக்கும்போது. கணுக்காலுக்கு ஒன்றும் இல்லை. இறங்கி ஆடப் பயம். டாக்டரிடம் போகவும் பயம். பயம் என்று எழுதுகிறேன். எழுதிவிட்டேன்.

உனக்கு எழுதியதெல்லாம் சரியான கணக்குத்தான். இன்றைக்கும் அதில் ஒரு வரியை மாற்றமாட்டேன். ஆனால் என் நெஞ்சு மேல் கை வைத்துக்கொண்டு அதைப் படித்தால் ஒரு வரியும் உள்ளே போகவில்லை.

அப்பா ஈபி லைன்மேன், கம்பம் ஏறுகிற மனுஷன். மேலே நிற்கும்போது என்னை நினைத்துக்கொண்டு கைதவறினால்? அம்மாவுக்கு ஏற்கெனவே ஓர் அண்ணன் போயாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை வா. சேலத்துக்கு நேராகப் போய்விடலாம்.

ரஞ்சித்

*

அரூர்
12.1.2026

தீர்த்தனுக்கு,

நீ விடுதியில் இருக்கிறாய், உன் கையில் போன் இருக்கிறது. இப்போது என் போன்தான் இல்லை. "அதைத் தொட்டா துடிப்பு ஏறும்" என்று அம்மா பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டது. மருத்துவரீதியாக இது முட்டாள்தனம். சொன்னேன். அதற்கும் "பேசாத, துடிப்பு ஏறும்" என்றது. ஆகவே கடிதம்.

டாக்டர் வெண்மதி அன்று உன் எதிரிலேயே சொன்னதுதான். பிறக்கும்போதே இதயத்தில் ஒரு கம்பி கூடுதலாக இருக்கிறது, கரண்ட் சில சமயம் அந்தக் குறுக்கு வழியில் பாய்ந்து துடிப்பைத் தாறுமாறாக்குகிறது. அதைச் சுட்டுவிட்டால் போதும். மின்னியல் படிக்கிறவன் நெஞ்சில் வயரிங் கோளாறு. அப்பாவிடம் சொன்னபோது இடுப்பிலிருந்த கட்டிங் பிளேயரை எடுத்துத் திண்ணையில் வைத்தார். அப்புறம், "இத்தன வருஷமா ஊருக்கெல்லாம் கொக்கி போட்ட லைனைப் புடுங்கறன். என் வூட்டுக்குள்ளயே ஒருத்தன் கொக்கி போட்டு வச்சிருக்கான் பாரு" என்றார். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவரை அடித்தது.

போன வாரம் கோயம்புத்தூரில் செய்தார்கள். மயக்க மருந்து பெரிதாக இல்லை, விழித்துக்கொண்டுதான் இருந்தேன். தொடை வழியாக மெல்லிய வயரை உள்ளே விட்டுத் தேடினார்கள். தேடுவதற்குத்தான் நேரம். கிடைத்ததும் சுட்டார்கள். திரையில் கோணலாக ஓடிக்கொண்டிருந்த கோடு அடுத்த துடிப்பிலேயே நேராகிவிட்டது. பக்கத்தில் நின்ற டாக்டர், "பாத்துக்கப்பா, அவ்ளோதான்" என்றார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவ்வளவு நல்ல வேலையை நான் எந்த லேபிலும் பார்த்ததில்லை.

அவரிடம் ஒன்று கேட்டேன். விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "நிறைய பேருக்கு ஒண்ணும் ஆவாது. சில பேருக்கு ஓடறப்ப ஆவும்" என்றார்.

சேலம் போட்டிக்கு நான் இல்லை. நீதான் கேப்டன். சத்யராஜைத் திட்டாதே. நான் வந்து திட்டிக்கொள்கிறேன்.

ரஞ்சித்

*

சித்தேரி மலை
26.1.2026

அன்புள்ள மச்சானுக்கு தீர்த்தன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் புது வயரிங் சௌக்கியமா?

போட்டி முடிந்து நேராக மலைக்கு வந்துவிட்டேன், குலசாமிக்கு அம்மா வேண்டிக்கொண்ட கிடா ஒன்று பாக்கி இருந்தது. இரண்டாவது கிடா உன் பேரில், அதையும் சேர்த்தே வெட்டிவிட்டது.

அரையிறுதியில் தோற்றோம், மச்சான். ஒரே ஒரு பாயின்ட். கடைசியில் எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. இரண்டும் விழுந்தால் ஜெயிப்பு. முதலாவது ரிங்கில் பட்டு வெளியே போனது. இரண்டாவதும் பட்டு வெளியே போனது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் ஏழைக் கழற்றச் சொல்லியிருப்பாய்.

விசில் அடித்ததும் கோர்ட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு அப்படி அடித்தது. கையை வைத்துப் பார்த்தேன். ஆகஸ்டிலிருந்து இப்படி அடித்தால் செத்துவிடுவேன் என்று பயந்துகொண்டிருந்த அதே அடி. ஓடியதால் அடிக்கிறது, அவ்வளவுதான். சிரிப்பு வந்துவிட்டது.

பிடி சார் கத்தினார். "ரெண்டையும் வுட்டுட்டு என்னடா இளிப்பு?"

"நல்லா அடிக்குதுங்க சார்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் அவரும் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். "அந்த முகாம்ல நான் கூட நின்னிருந்தா அந்த எண்ணைச் சரிபாத்திருக்கலாம்டா, எனக்கு டீ குடிக்கப் போற அவசரம்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த முகாமில் எல்லோரும் நெற்றியில் பேரை எழுதிக்கொண்டுதான் வர வேண்டுமாம். சத்யராஜ் உண்மை என்று நம்பி மார்க்கர் வாங்கி வைத்திருக்கிறான்.

செல்லி உன்னை விசாரித்தாள். நானாகச் சேர்க்கவில்லை, அவளேதான்.

அன்புடன்,
தீர்த்தன்

*

அரூர்
7.2.2026

அன்புள்ள தீர்த்தனுக்கும், அத்தைக்கும், செல்லிக்கும் ரஞ்சித்குமார் எழுதிக்கொள்வது.

இங்கே அம்மா சௌக்கியம், அப்பா சௌக்கியம். அப்பா நேற்றுக்கூடக் கம்பம் ஏறினார், கை தவறவில்லை. அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் மாரியப்பன் அண்ணனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன், இரண்டு வேளையும் தேய்க்கவும். கிடாவில் என் பங்கை யார் தின்றது? சாமை நல்லபடி கண்டதா? செல்லி நன்றாக இருக்கிறாளா? இந்தக் கடிதத்தில் விசாரிப்பு எல்லாம் இருக்கிறது என்று அவளிடம் சொல். அவள் எதையும் சேர்க்காமல் எழுதியிருப்பதை எழுதியபடியே அத்தைக்குப் படித்துக் காட்டலாம்.

நேற்று டாக்டரைப் பார்த்தேன். மறுபடி ஈசிஜி எடுத்தார்கள். கோடு நேர். ஆடலாம் என்று எழுதிக் கொடுத்தார். தாளில் எண் இல்லை, என் பெயர் இருக்கிறது. எடுத்தவரிடம் மூன்று முறை சொல்லி, அப்பா பெயரையும் சேர்த்து எழுத வைத்தேன். "ஏன் தம்பி இந்தப் பாடு படுத்தற" என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தால் சாயங்காலம் ஆகிவிடும் என்று வந்துவிட்டேன்.

இரண்டு ஃப்ரீ த்ரோவையும் விட்ட விஷயத்தை நான் மன்னிக்கவில்லை. சனி ஞாயிறு மலையில் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வா. பத்துப் பத்து. தோற்றவன் கழற்ற வேண்டும்.

நான் நலம். இந்தத் தடவை உண்மையாகவே.

நீ நலமா?

உன் மச்சான்,
ரஞ்சித்